வைக்கோல் கன்று

அன்று விடியற்காலையில் வைக்கோல் கன்று கனத்தது.

அமிர்தவள்ளி அதை வழக்கம்போல இடது கையால் அணைத்துத் தூக்கப் போனாள். முறத்தைத் தூக்குகிற மாதிரி அலட்சியமாகத் தூக்கிப் பழகிய கை. அன்றைக்கு அது தரையைவிட்டு எழும்ப மறுத்தது. காலை அகட்டி நின்று, இரண்டு கையையும் வயிற்றுக்கடியில் கொடுத்து எடுக்கவேண்டியிருந்தது. பனி, என்று நினைத்துக்கொண்டாள். மார்கழிப் பனி பாலாற்று மணலிலிருந்து எழுந்து, தோல் பதனிடுகிற டேனரியின் சுவரைத் தாண்டி, ஆவாரம்பட்டைச் சாற்றின் துவர்ப்பு வாடையையும் சுண்ணாம்புத் தொட்டியின் காரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கொட்டகைக்குள் வந்து படுத்துக்கிடக்கிறது. வைக்கோல் ஈரத்தைக் குடித்திருக்கும். ஈர வைக்கோல் கனக்காதா என்ன? ஆனால் கன்றை மாட்டின் முன்னால் நிறுத்தியபோது அதன் வயிறு அவள் மணிக்கட்டில் பட்டது. ஈரம் இல்லை. சமைத்து முடித்த அடுப்புக்குப் பக்கத்துச் சுவரைத் தொட்டால் இருக்குமே, அந்த மாதிரி ஒரு வெதுவெதுப்பு இருந்தது.

மாடு கழுத்தை நீட்டி அதை நக்கத் தொடங்கியது. சொரசொரவென்ற நாக்கு முதுகிலிருந்து காதுக்கும் காதிலிருந்து முதுகுக்கும் போய் வந்தது. மடி இறங்கியது. அமிர்தவள்ளி குந்தி உட்கார்ந்து, செம்பை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு பீய்ச்சினாள். பால் விழுகிற சத்தத்துக்கு இடையில் இன்னொரு சத்தம் கேட்டது போலிருந்தது. சின்னதாக, ஈரமாக, மூச்சு விடுகிற சத்தம். மாடுதான், வேறு யார், என்று அவள் திரும்பிப் பார்க்காமல் இருந்துவிட்டாள்.

அந்த மாடு இல்லாவிட்டால் குழந்தை ரஞ்சிதம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிள்ளை பெற்ற கையோடு அமிர்தவள்ளிக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அது பாலையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மார்பு இரண்டும் வற்றிச் சுருங்கின. பிள்ளை வாயை வைத்து இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, ஏமாந்துபோய் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். பெற்றவளுக்கு அதைவிட என்ன அவமானம் வேண்டும்? சேதி கேட்டு, கலவை ஊரிலிருந்து அவள் அண்ணன் இந்த மயிலை மாட்டைக் கன்றோடு ஓட்டிவந்து கட்டிவிட்டுப் போனான். ரஞ்சிதம் அந்தப் பாலைக் குடித்து உருண்டாள். தொடையில் மடிப்பு விழுந்தது. மணிக்கட்டில் நூல் கட்டினாற்போல வரி விழுந்தது. ஊர்க்கண் பட்டுவிடும் என்று அமிர்தவள்ளி கன்னத்துப் பொட்டை நாளுக்கு நாள் பெரிதாக வைத்தாள்.

கண் பட்டது கன்றுக்கு. கழிச்சல் கண்டு, ஒரு மத்தியானம் தாயின் காலடியிலேயே சாய்ந்துவிட்டது.

கன்றைக் காணாத மாடு பாலை இறக்காது. கையை வைத்தால் உதைக்கும். அதற்கு ஊரில் எல்லோரும் செய்கிற வேலை ஒன்று உண்டு. செத்த கன்றின் தோலை உரித்து, உப்புத் தடவிக் காயவைத்து, உள்ளே வைக்கோலை அடைத்துத் தைத்து, காலுக்கு நாலு குச்சி கொடுத்து மாட்டின் முன்னால் நிறுத்துவார்கள். மாடு மோந்து பார்க்கும், தன் பிள்ளையென்று நக்கும், சுரக்கும். பாவம், அதற்கு என்ன தெரியும். கொஞ்ச நாளில் தோல் கெட்டு, முடி உதிர்ந்து, நாறத் தொடங்கும். மாடும் முகத்தைத் திருப்பிக்கொண்டுவிடும். அதற்குள் அது கையால் கறக்கப் பழகியிருக்கும். அப்புறம் அந்தத் தோலை ஆற்று மணலில் புதைத்து, ஒரு கை பால் ஊற்றிவிட்டு வந்தால் காரியம் முடிந்தது.

அமிர்தவள்ளியின் புருஷன் ஆதிகேசவனுக்கு அது சம்மதமாக இல்லை. சர்தார் பாஷா சாயபுவின் டேனரியில் பட்டைத் தொட்டிக்கு அவன்தான் மேஸ்திரி. தோலைத் தொட்டுப் பார்த்தே எத்தனை நாள் ஊறியது என்று சொல்கிறவன். பிள்ளை குடிக்கிற பாலுக்குப் பக்கத்தில் புழுத்த தோலா, தோல்காரன் வீட்டிலேயே தோல் நாறினால் நாலு பேர் சிரிக்கமாட்டார்களா என்று கேட்டான். கன்றின் தோலைச் சுண்ணாம்பில் போடாமல், ஒரு முடி உதிராமல், உப்பும் படிகாரமும் போட்டு, பிறகு ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காயிலும் ஊறவைத்துப் பதம் ஏற்றினான். அது ஊறி முடிகிறவரை மாடு உதைத்துக்கொண்டே கொடுத்த ஒரு கைப் பாலையும், பக்கத்துத் தெருவில் எருமை வைத்துப் பால் விற்கிற மஹ்பூபி கொடுத்த ஒரு செம்பையும் வைத்துச் சமாளித்தார்கள். கடைசியில் அவன் கன்றைக் கொண்டுவந்து நிறுத்தியபோது அமிர்தவள்ளியே ஒரு நிமிஷம் திகைத்துவிட்டாள். அப்படியே உயிரோடு நிற்கிற மாதிரி இருந்தது. வயிற்றில் மட்டும், நெஞ்சிலிருந்து தொப்புள்வரை, அவன் கையால் போட்ட குறுக்குத் தையல். கண் இமைகளையும் அதே நூலால் தைத்து மூடியிருந்தான்.

"ஆயுசுக்கும் கெடாது" என்றான்.

கெடவில்லைதான். ஆனால் மாடு அதை மோந்து பார்த்துவிட்டு, காலால் எட்டி உதைத்தது. அதில் கன்றின் வாசனை ஒரு துளியும் இல்லை. பட்டை வாடைதான் இருந்தது. அதற்குப் பிறகு அன்று முழுக்கப் பால் இல்லை. சாயங்காலம் ரஞ்சிதம் அழுது அழுது, காலையில் குடித்த கொஞ்சத்தையும் கக்கினாள். அமிர்தவள்ளி அவள் வாயைத் துடைத்தாள். துடைத்த துணியை மூக்கருகில் கொண்டுபோனபோது அதில் மயிலையின் பால் மணத்தது. பெற்றவள் மூளை அந்த நேரத்தில் எப்படியெல்லாம் வேலை செய்யும் என்று சொல்லமுடியாது. நேராகக் கொட்டகைக்குப் போய் அந்தத் துணியைக் கன்றின் முதுகில் தேய்த்தாள். தலையில் தேய்த்தாள். மாடு மோந்தது. இன்னொரு தரம் மோந்தது. பிறகு நக்கத் தொடங்கியது. மடி நிறைந்து பால் தானாகவே சொட்டியது. அமிர்தவள்ளி அந்தத் துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. பிள்ளைக்குப் பால் புகட்டுவாள், வாயை, கழுத்தை, நெஞ்சைத் துடைப்பாள், துணியைப் பத்திரமாக வைத்திருந்து கறக்கப் போகும்போது கன்றின் மேல் தேய்ப்பாள். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம்.

கன்று கனத்த அந்தக் காலையில்தான் ரஞ்சிதத்தின் அரைஞாண் கயிறு நழுவி முழங்காலில் கிடந்தது.

முந்தின வாரம் இடுப்புச் சதையில் பதிந்து கிடந்த கயிறு. அமிர்தவள்ளி அதை மேலே ஏற்றி, ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கினாள். கயிறு தளர்ந்துவிட்டது, பழைய கயிறு, என்று சொல்லிக்கொண்டாள். பொங்கல் வருவதற்குள் அதில் இன்னொரு முடிச்சு, அதற்குமேல் இன்னொரு முடிச்சு. பிள்ளை முன்னைவிட ஜாஸ்தியாகத்தான் குடித்தாள். குடித்த பால் எங்கே போகிறது? மணிக்கட்டு வரி மறைந்தது. தொடை மடிப்பு தளர்ந்து, உள்ளே சதை இல்லாமல் தோல் மட்டும் தொங்கியது. பின்புறம் வற்றி, கிழவர்களுக்கு இருப்பதுபோல வரிவரியாகச் சுருங்கியது. முகத்தில் கண் மட்டும் பெரிதாக, அவள் போகிற இடமெல்லாம் கூடவே வருகிற கண்ணாக இருந்தது. முன்பெல்லாம் அழுதால் தெருவே எழுந்துவிடும். இப்போது அழுகை தொண்டையைத் தாண்டி வருவதேயில்லை.

ஆஸ்பத்திரி மோட்டார் வண்டி வாரத்தில் ஒரு நாள் சாலையோரப் புளியமரத்தடியில் வந்து நிற்கும். அங்கே தூக்கிப்போனாள். நர்ஸம்மா பிள்ளையைத் தராசில் போட்டாள், கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள், பாலை யார் கறப்பது, தண்ணீர் கலப்பதுண்டா, காய்ச்சுவதுண்டா என்று துருவித் துருவிக் கேட்டாள். மருந்து கொடுத்து, அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் வேலூருக்குக் கொண்டுபோய்த்தான் ஆகவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். அடுத்த வாரம் தராசில் போட்டபோது முள் முன்னைவிடக் கீழே நின்றது. நர்ஸம்மா தராசைத் தட்டிப் பார்த்தாள். வேலூர் என்று மறுபடியும் சொன்னாள்; சாயபுவிடம் லீவு கேட்கவேண்டும் என்று ஆதிகேசவன் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

இந்த நாட்களில்தான் அமிர்தவள்ளிக்குச் சத்தங்கள் கேட்க ஆரம்பித்தன. தூளியில் பிள்ளை புரண்டால் சரசரவென்று ஒரு சத்தம், காய்ந்த சருகின்மேல் ஓணான் ஓடுகிற மாதிரி. தூளியை உதறிப் பார்த்தாள். ஒரே ஒரு வைக்கோல் துணுக்கு விழுந்தது. கொட்டகையிலிருந்து தன் புடவையில் ஒட்டி வந்திருக்கும். எடுத்து எறிந்தாள். மறுநாளும் ஒன்று விழுந்தது. அதற்கு மறுநாள் குளிப்பாட்டும்போது பிள்ளையின் தொப்புளில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீரை ஊற்றினாள், போகவில்லை. நகத்தால் பிடித்து இழுத்தாள். அது சுலபமாக வரவில்லை. நீளமாக வந்தது.

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

கொட்டகைப் பக்கம் போகவே கால் கூசியது. போகாமல் இருக்கவும் முடியாது. அங்கே கன்று மூலையில் சுவரைப் பார்த்து நிற்கும். அவள் நிறுத்தியது சுவரைப் பார்த்துத்தான். மறுவேளை போகும்போது தலை மாட்டின் பக்கம் திரும்பியிருக்கிற மாதிரி தோன்றும். கழுத்தைப் பிடித்து மறுபடி திருப்பி வைப்பாள், கழுத்து உள்ளங்கைக்குள் கொழகொழவென்று அசையும். பதம் போட்ட தோல் நாளாக நாளாகச் சுருங்கி இறுகும். தோல்காரன் பெண்டாட்டிக்கு அது தெரியாதா? இது தளதளவென்று, வயிறு புடைத்து, தையல் நூல் சதைக்குள் அமிழ்ந்து கிடந்தது. மூக்கு நுனி ஈரமாக இருந்தது. மாடு நக்கிய ஈரம். மாட்டின் காம்பும் ஈரமாக இருந்தது, அவள் கை வைப்பதற்கு முன்னாலேயே.

ஒரு சாயங்காலம் ஆதிகேசவன் வேலை முடிந்து வந்து, கைகாலைத் தேய்த்துக் கழுவிவிட்டு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டான். ஏதோ யோசனையாகக் குழந்தையின் தொடைத் தோலைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் கிள்ளித் தூக்கினான். அவனுக்கு அது பழக்கம். டேனரியில் நாள் முழுக்க அதுதான் வேலை: தோலைக் கிள்ளித் தூக்கி விட்டுப் பார்ப்பது. பச்சைத் தோல் விட்டவுடன் படிந்துவிடும். பதம் ஏறிய தோல் கிள்ளிய மடிப்பிலேயே நிற்கும்.

அவன் விரலை எடுத்தான். மடிப்பு நின்றது.

எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அமிர்தவள்ளி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் மறுபடியும் கிள்ளினான். வேறு இடத்தில் கிள்ளினான். பிறகு விரலை மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தான். அந்த விரலில் எப்போதும் பட்டை வாடைதான், எவ்வளவு கழுவினாலும் போகாது, அதனால் அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் அவன் பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனான். சோறு போட்டு வைத்தும் சாப்பிட வரவில்லை. அவன் அப்படிப் பயந்து அவள் பார்த்ததே இல்லை.

மறுநாள் மத்தியானம் மஹ்பூபி பிள்ளையைப் பார்க்க வந்தாள். வாய்த்துடுக்குக்காரி, வாசலில் நுழையும்போதே ஏதாவது கேலி பேசிக்கொண்டுதான் நுழைவாள். தூளியை விலக்கிப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திவிட்டாள். மாட்டைப் பார்க்கவேண்டும் என்று கொட்டகைக்குப் போனாள். அங்கே மூலையில் நின்றதைக் கண்டதும் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

இது இன்னுமா இருக்கிறது என்று கேட்டாள். இன்னும் புதைக்கவில்லையா? அமிர்தவள்ளி சொன்னாள், புருஷன் பதம் போட்டதை, மாடு உதைத்ததை, வாய் துடைத்த துணியைத் தேய்த்ததை. துணி என்றதும் மஹ்பூபி அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"புள்ள வாயத் தொடச்சதையா அதும்மேல தேய்ச்ச? தெனமுமா?"

அமிர்தவள்ளி தலையாட்டினாள்.

"தோலு நாறணும், அமிர்தம். நாறினாத்தான் மாடு மறக்கும், அதும் போய்ச் சேரும். நீங்க போவ உடாம புடிச்சு வெச்சிருக்கீங்க."

அதை எடுத்துவிட்டால் மாடு பால் இறக்காதே, பால் இல்லாவிட்டால் பிள்ளை என்ன ஆகும் என்று அமிர்தவள்ளி அழுதாள். அவளுக்கு அந்த ஒன்றுதான் பயம், ஆரம்பத்திலிருந்து அந்த ஒன்றுதான்.

"பால் நான் தர்றேன். இப்ப மட்டும் அந்தப் பால யாரு குடிக்கிறான்னு பாத்தியா நீ?" என்றாள் மஹ்பூபி.

இன்றைக்கே புதைத்துவிடச் சொன்னாள். ஆற்று நடுவில், ஆழமாக. மூடின பிறகு பள்ளம் இருந்த இடமே தெரியாமல் கிளையால் பெருக்கிவிட வேண்டும். தடம் தெரிந்தால் மாடு மோந்துகொண்டு போய்க் காலால் பறித்துவிடும். திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும்.

ஆதிகேசவன் அன்று சீக்கிரமாகவே வந்தான். அமிர்தவள்ளி சொன்னதை முழுக்கக் கேட்டான். மண்வெட்டியை எடுத்து வைத்தான். மறுநாள் முதல் ரயிலுக்கே வேலூருக்குப் போவது என்று முடிவாயிற்று. சாயபுவிடம் சொல்லிவிட்டே வந்திருந்தான்.

அப்போது மாடு கத்தியது. கறக்கிற வேளை.

ஒரே ஒரு தடவை, என்று நினைத்தாள் அமிர்தவள்ளி. மஹ்பூபி நாளைக்குத்தான் தருவாள். ராத்திரிக்கும், வழியில் ரயிலுக்கும் பால் வேண்டாமா? கடைசியாக ஒரு தடவை கறந்துகொண்டு கொடுத்துவிடலாம். பெற்ற வயிறு அப்படித்தான் கணக்குப் போடும்.

மத்தியானத்துப் பாலில் மீதி இருந்ததைச் சங்கில் ஊற்றி ரஞ்சிதத்தின் வாயில் வைத்தாள். பிள்ளை விழுங்கவில்லை. பால் கடைவாயில் வழிந்து கழுத்தில் இறங்கியது. அமிர்தவள்ளி துணியை எடுத்துத் துடைத்தாள். வாய், கழுத்து, நெஞ்சு, வயிறு. துணி முழுக்க நனைந்தது. பிள்ளை அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பெரிய கண்ணில் அப்போது ஒரு ஈரம் இருந்ததை அமிர்தவள்ளி பார்த்தாள், அதையும் அதே துணியால் துடைத்தாள்.

தூளியில் கிடத்திவிட்டுக் கொட்டகைக்குப் போய், கன்றின் மேல் துணியைத் தேய்த்தாள். கையைப் பார்க்காமல், கூரையைப் பார்த்துக்கொண்டே தேய்த்தாள். முதுகு. கழுத்து. தலை. துணிக்கு அடியில் ஏதோ துடித்தது. கை நின்றது. தன் நாடிதான். தன் விரலின் நாடிதான். ஓட்டமும் நடையுமாக அடிக்கிற தன் நாடி.

கீழே பார்த்தாள். இடது இமையில் நூல் அறுந்திருந்தது. இடுக்கில் ஈரம்.

மாடு அன்று இறக்கியதுபோல ஒருநாளும் பால் இறக்கியதில்லை. செம்பு வழிந்தது.

ஆதிகேசவன் கன்றின் மேல் சாக்கைக் கவிழ்த்து, சுருட்டி, கயிற்றால் கட்டினான். தோளில் ஏற்றும்போது முனகினான். கனமா என்று அவள் கேட்டாள். கனம்தான் என்றான். மண்வெட்டியைச் சாக்குக் கயிற்றில் செருகிக்கொண்டு போனான். ஒரு சின்னச் செம்பில் பாலும், ஒடித்த நொச்சிக் கிளையும் மற்றக் கையில் இருந்தன. டேனரிச் சங்கு ஊதியது. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. மணலில் வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. அவன் ஆற்றுக்குள் இறங்கிச் சிறுத்துப் போகிறவரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். மாடு முளையை இழுத்து இழுத்துக் கத்தியது.

விளக்கேற்றினாள். அடுப்பில் பாலை வைத்தாள். மனசு லேசாகியிருந்தது, உண்மையிலேயே லேசாகியிருந்தது. நாளைக்கு வேலூர். டாக்டரம்மா பார்ப்பாள். மஹ்பூபியின் எருமைப்பால் கெட்டிப் பால், தண்ணீர் விட்டுக் காய்ச்சினால் போதும். கோடைக்குள் தொடையில் பழைய மடிப்பு வந்துவிடும். பால் பொங்கியது, இறக்கினாள், ஆற்றினாள். ஆற்றிக்கொண்டே தூளியைப் பார்த்துக் கொஞ்சினாள். எம் பொண்ணு எந்திரிச்சுட்டாளா, எந் தங்கம் பால் குடிக்கப் போவுதா, என்று.

ஆடை படிந்ததும் எழுந்து போய்க் குழந்தையைத் தூக்கினாள்.

முறத்தைத் தூக்குகிற மாதிரி வந்தது.

அவள் அப்படியே நின்றாள். கைக்குள் சரசரத்தது. வெளிச்சத்துக்குப் போகவேண்டும். போகவேண்டாம். போனாள். விளக்கடியில் குனிந்து, மடியில் கிடத்தி, அரைஞாண் கயிற்றை விலக்கினாள். முடிச்சு, முடிச்சு, முடிச்சு. அதற்குக் கீழே இன்னொரு நூல். தொப்புளிலிருந்து நெஞ்சுவரை.

குறுக்குத் தையல். ஆதிகேசவன் கைத் தையல்.

இரண்டு இமையும் தைத்திருந்தன.

பட்டை வாடை.

அப்போது ஆற்றிலிருந்து அழுகை கேட்டது.

கன்று கத்துகிற சத்தம் இல்லை. பசிக்கு அழுகிற சத்தம். தொண்டை நிறைய, உடம்பில் சதை இருந்த காலத்தில் தெருவையே எழுப்புமே, அந்த அழுகை. ஆனால் எதற்கோ அடியிலிருந்து வந்தது. எதுவோ மேலே மூடியிருந்தது. அதைக் கேட்டதும் அமிர்தவள்ளியின் மார்பு சுரீரென்று இழுத்தது. காய்ச்சலோடு வற்றிப்போன மார்பு. இரண்டும் கனத்து, வலித்து, ஒரே நொடியில் இறங்கின. ரவிக்கை நனைந்தது. சூடாக வயிற்றில் வழிந்தது.

அவள் ஓடினாள். மடியில் இருந்ததைப் போடவும் தோன்றாமல், அதையும் அணைத்துக்கொண்டே ஓடினாள். கொட்டகையைத் தாண்டும்போது மாடு முளையைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் வந்தது. கரையில் ஆதிகேசவன் எதிரே வந்துகொண்டிருந்தான். வந்தவன் நின்றுவிட்டான். அவனுக்கும் கேட்டது. தோளிலிருந்த மண்வெட்டி விழுந்தது.

"எங்கய்யா பொதைச்ச?"

"இங்கதான்" என்றான். "இங்கதான். அதோ, அங்க." ஓடினான். நின்றான். வேறு பக்கம் ஓடினான்.

மணல். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை, பெருக்கி வைத்த வாசல்போல ஒரே மட்டமாக மணல். நொச்சிக் கிளையால் அவன் நன்றாகப் பெருக்கியிருந்தான். தன் காலடியைக்கூட விட்டுவைக்கவில்லை. எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை அவன்.

அழுகை வலது பக்கம் கேட்டது. ஓடினாள். இடது பக்கம் கேட்டது. காலுக்கடியில் கேட்டது. கையில் இருந்ததை மணலில் வைத்துவிட்டு மண்டியிட்டுப் பறித்தாள். ஆதிகேசவன் வேறு இடத்தில் பறித்தான். மணல் சரிந்து சரிந்து குழிக்குள்ளேயே விழுந்தது. ஈர மணல் வந்தது. ஒன்றுமில்லை. தள்ளிப் போய்ப் பறித்தாள். ரஞ்சிதம், ரஞ்சிதம் என்று மணலுக்குள் வாயை வைத்துக் கூப்பிட்டாள். அழுகை விக்கலாயிற்று. விக்கல் விட்டுவிட்டுக் கேட்டது.

பிறகு கேட்கவில்லை.

பால் மட்டும் நிற்கவில்லை. குனிந்து பறிக்கப் பறிக்க அவள் மார்பிலிருந்து சொட்டி, மணலில் பொட்டுப் பொட்டாக விழுந்து, விழுந்த இடத்திலேயே உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பின்னால் மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து நின்றது. கீழே வைத்திருந்ததை மோந்து பார்த்தது. சொரசொரவென்று நக்கத் தொடங்கியது. கொஞ்ச நேரம் அந்த நாக்குச் சத்தம்தான். அப்புறம் சரசரவென்று ஏதோ எழுந்து உட்காருகிற சத்தம். அப்புறம் சப்பிக் குடிக்கிற சத்தம்.

அமிர்தவள்ளி திரும்பிப் பார்க்கவில்லை. பறித்துக்கொண்டே இருந்தாள்.